மண்கும்பான் சவர்க்காரம்

கிறேபெல்ட், ஜேர்மனி
6-3-1988

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. சவர்க்காரக் கட்டிகளில் இரண்டு உடைந்திருந்தன, மற்றவை நல்லாக இருக்கின்றன.

என் கைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே வந்த நாள் முதல் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறேன் அல்லவா, அந்த மருந்துத் தண்ணீர் விரல் இடுக்கெல்லாம் வெடிக்கப் பண்ணிவிட்டது. சோறு குழைக்க ஏலாது. கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். இந்த இரண்டு கிழமையாக உங்கள் சவர்க்காரத்தைத் தவிர வீட்டில் வேறொன்றும் பாவிக்கவில்லை. கொஞ்சம் காய்ந்து வருகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் ஹெல்கா என்ற பெண்ணின் கடையைத் துப்புரவாக்கப் போகிறேன். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத சாமான்களை மட்டும் விற்கிற கடை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு தொழிற்சாலை எரிந்து நஞ்செல்லாம் றைன் ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பிறகு இங்கே பலர் வீடு கழுவுகிற தூளைக்கூட இரண்டு முறை யோசித்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் கட்டியை அவளுக்குக் காட்டினேன். போன வருடம் தீவுப்பகுதிக்குச் சவர்க்காரம் வராமல் நின்றபோது, விஞ்ஞானம் படிப்பிக்கிற என் அக்கா பனம்மட்டைச் சாம்பலையும் தேங்காயெண்ணெயையும் கொண்டு புகையிலைக் கொட்டிலில் காய்ச்சியது இது என்று சொன்னேன். அவள் அதை மூக்கருகே வைத்து நெடுநேரம் மணந்து பார்த்தாள்.

அவளுக்கு இது வேண்டும். கட்டியைச் சீவிப் பெட்டியில் அடைத்து, நிலம் துடைக்கவும் பாத்திரம் கழுவவும் விற்கலாம் என்கிறாள். ஆனால் நல்ல பொருள் என்று நான் வாயால் சொன்னால் போதாது. இப்படியான பொருள்களுக்கு முத்திரை கொடுக்கிற மூன்று பேர் இருந்து தீர்மானிப்பார்கள். கேள்விகள் தந்திருக்கிறாள், தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என்னென்ன சேர்க்கிறீர்கள், யார் வேலை செய்கிறார்கள், வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து உண்டா, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது. இப்படி எட்டு.

உண்மையை மட்டும் எழுதுங்கள் அக்கா. இவர்கள் அதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள்.

பரிமளம்

மண்கும்பான்
20-4-1988

அன்புள்ள பரிமளம்,

கேள்வித்தாள் கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கேள்வி கொடுத்த எனக்கு, இந்த வயதில் ஒருத்தி கேள்வி கொடுத்திருக்கிறாள்.

பனம்மட்டைச் சாம்பல், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், உப்பு. வேறொன்றும் இல்லை. சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காரம் இறக்க ஒன்பது நாள் செல்லும். வேலை செய்கிறவர்கள் பதினொரு பெண்கள். பாதிப் பேர் புருஷனை இழந்தவர்கள். அல்லைப்பிட்டியிலிருந்து மரியநாயகி நடந்து வருகிறாள். அவளுடைய மனிசன் கடலுக்குப் போய் மூன்று வருடம், வள்ளம் மட்டும் கரையில் ஒதுங்கியது. கிடாரத்தில் கொதிப்பு எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். எனக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆபத்து உண்டா என்றால், அடுப்படியில் உள்ள அளவு உண்டு. கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்றால், கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கிடங்கு வெட்டியிருக்கிறோம். இங்கே எல்லாம் மணல் என்று உனக்குத் தெரியும். ஊற்றினால் உறிஞ்சிவிடும். யாருக்கும் தீங்கில்லை என்று எழுது.

அக்கா

கிறேபெல்ட்
13-11-1988

அன்புள்ள அக்கா,

நாங்கள் பாஸ். மூன்று பேரும் ஒத்துக்கொண்டு தங்கள் முத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் மரியநாயகி அகப்பையோடு நிற்கிற படத்தைப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: 'மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாதது.' பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடையில் நின்று அழுதேன். அகதி என்று மூன்று வருடமாக வரிசையில் நின்றவள் நான். இப்போது சனங்கள் வந்து, இது உங்கள் ஊரா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். இனி முழுநாளும் ஹெல்காவின் கடையில்தான். கைப்புண் முழுதாக மாறிவிட்டது.

நத்தார்ப் பண்டிகைக்குள் எல்லாம் விற்றுவிடும். புதுவருடத்தில் இதைப்போல மூன்று மடங்கு வேண்டுமாம். பக்கத்து நகரங்களிலும் கேட்கிறார்கள். தை மாத முடிவுக்குள் கொழும்புக்கு வந்து கப்பலேற வேண்டும். உங்களால் முடியும் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைசியாக வந்த கட்டிகள் முந்தியதை விட வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருப்பதாக ஹெல்கா சொன்னாள். கைப்பழக்கம்தானே என்றேன்.

பரிமளம்

மண்கும்பான்
9-2-1989

அன்புள்ள பரிமளம்,

நீ கேட்ட தொகைச் சவர்க்காரம் லொறியில் ஏறிவிட்டது.

அடுத்த முறை கொஞ்சம் குறைத்துக் கேட்க முடியுமா என்று அவர்களிடம் சொல்லிப் பார். கண்ணுக்குப் போடுகிற மருந்து, புண்ணை ஆற்றக்கூடியதாக, அங்கே உள்ளதில் நல்லதை அனுப்பு. யாருக்கு என்று பிறகு எழுதுகிறேன்.

இம்முறை மழை போதவில்லை. கொட்டிலடிக் கிணறு கொஞ்சம் உப்புச் சவர் தட்டுகிறது என்று பக்கத்து வீட்டு இராசமணி சொல்கிறாள். அவளுக்குப் பங்குனியில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. வேறு புதினம் இல்லை.

அக்கா

கிறேபெல்ட்
22-4-1989

அக்கா,

மருந்து அனுப்பிய பார்சலில், தேவைப்பட்டால் எழுதச் சொல்லி என் விலாசத்தை வைத்திருந்தேன். மேரிஜோசப்பின் எழுதியிருக்கிறாள். மரியநாயகியின் மகள். அவளுடைய கடிதத்தில் ஒரு கோபமான சொல் இல்லை. மருந்துக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். அம்மாவின் வலது கண் இனித் தெரியாது என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், ஆனபடியால் இனி மருந்து அனுப்பித் தாங்கள் சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். 'கோஸ்ரிக் சோடாப் பரல் வந்த பிறகு அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, ரீச்சர் கேட்டபடியால்தான் போனவ.'

பரலா? எப்போது அந்தப் பீப்பா வந்தது? பனம்மட்டைச் சாம்பல், வேறொன்றும் இல்லை என்று எழுதினீர்களே. அதை நான் ஜேர்மன் மொழியில் என் கையால் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

நேற்றும் கடையில் ஒரு வயதான அம்மா பெட்டியில் இருந்த படத்தைக் காட்டி, என்ன ஒரு தெளிவான கண் என்றா. நான் உள்ளே போய்விட்டேன்.

நடந்ததை நீங்களே எழுதுங்கள். முழுவதையும். நான் ஹெல்காவிடம் சொல்ல வேண்டும்.

பரிமளம்

மண்கும்பான்
4-6-1989

பரிமளம்,

முழுவதையும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

பரல் வந்தது போன ஓகஸ்டில். உங்கள் முதல் கட்டளைக்கே சாம்பல் போதவில்லை. கொழும்பில் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். சாம்பல் காரத்துக்குப் பதிலாக அவனைக் கொண்டு சோடாவை எடுப்பித்தேன். ஒன்பது நாள் வேலை அரை நாளில் முடிந்தது. கட்டியும் வெள்ளையாக வந்தது. உனக்கு எழுதாமல் விட்டது மறதி இல்லை.

தை மாதம் பதினோராந் திகதி. லொறி வர ஐந்து நாள் இருந்தது. சோடாவைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் பொங்கிச் சீறும். இதை நான் எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன். அன்றைக்குக் கிடாரத்தில் தண்ணீர் சூடாகவே இருந்தது.

"ரீச்சர், இது கொஞ்சம் ஆறட்டுமே. சத்தம் சரியில்லை" என்றாள் மரியநாயகி.

"ஆற விட்டா இண்டைக்கு அச்சில ஊத்தேலாது. போடு பிள்ளை" என்றேன்.

போட்டாள். நான் சொன்னதால் போட்டாள்.

அரை மணித்தியாலம் அவள் கண்ணில் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். வாகனம் இல்லை. சைக்கிளில் வைத்து மாறி மாறி உழக்கிக் கடலைக் கடக்கிற தாம்போதியால் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். இராணுவச் சென்றியில் வரிசை நீளம். வழியெல்லாம் அவள் சத்தம் போடவில்லை. "ரீச்சர், மற்றப் பொம்பிளையள் கிடாரத்தை இறக்கிப் போட்டினமோ? அடிப்பிடிக்கப் போகுது" என்று ஒரு தடவை கேட்டாள்.

கிணறும் அப்படித்தான். கட்டியைப் பிரிக்க உப்புப் போடுகிறோம். உப்பும் காரமும் கலந்த மிச்சத் தண்ணீரைக் கிடங்கில் ஊற்றுகிறோம். முந்தி நாளுக்கு இரண்டு வாளி, இப்போது முப்பது, நாற்பது. மணல் உறிஞ்சும் என்று எழுதினேன். உறிஞ்சியது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? நம்முடைய இடத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு விரிப்புப் போலத்தான் கிடக்கிறது. கிடங்கிலிருந்து கிணற்றுக்கு இருபத்தைந்து கவடு நடைதான். அதில் இருபத்திரண்டு வீடு அள்ளுகிறது. சவர் மழையால் வந்தது இல்லை. இப்போது தண்ணீர் கையில் வழுக்குகிறது.

ஒன்று கேட்கிறேன். மூன்று மடங்கு வேண்டுமென்று கேட்டது யார்? என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது யார்? உங்கள் ஆற்றில் மீன் சாகக்கூடாது என்பதற்காக இங்கே கிடாரம் கொதிக்கிறது. நீ ஹெல்காவிடம் சொன்னால் அடுத்த லொறி வராது. பதினொரு வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், மரியநாயகி வீடு உட்பட. ஒற்றைக் கண்ணோடு அவள் சித்திரையில் திரும்ப வந்து வேலை செய்கிறாள் என்று அந்தப் பிள்ளை உனக்கு எழுதவில்லையா?

சொல்வதும் விடுவதும் உன் பொறுப்பு.

அக்கா

கிறேபெல்ட்
8-10-1989

அக்கா,

இரண்டு மாதம் வைத்துக்கொண்டு இருந்தேன். போன மாதம் சொல்லிவிட்டேன்.

ஹெல்கா கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழும்பித் தானே தட்டில் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கினாள். அந்த மூன்று பேரும் கூடி, முத்திரையைத் திரும்ப எடுத்தார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் அடித்தார்கள். 'நாங்கள் ஏமாற்றப்பட்டோம், மன்னியுங்கள்' என்று இருந்தது. அவர்களுடைய வெளிப்படையைப் பாராட்டிப் பதிலெல்லாம் வருகிறது.

"மரியநாயகிக்கு என்ன செய்யப் போகிறோம்? அந்தக் கிணற்றுக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டேன்.

"பரிமளம், நாங்கள் ஒரு சின்னக் கடை. கெட்ட பொருளை விற்காமல் விடுவதுதான் எங்களால் முடிந்தது" என்றாள் ஹெல்கா. பொய் சொல்கிறவள் இல்லை. அவளால் அவ்வளவுதான் நினைக்க முடிந்தது.

மிச்சப் பெட்டிகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். சவர்க்காரத்தில் குறை ஒன்றும் இல்லையாம், நன்றாகத்தான் அழுக்குப் போகிறதாம்.

நான் அந்தக் கடையில் நிற்கவில்லை. பழையபடி ஆஸ்பத்திரிக்கே போகிறேன். உங்களிடம் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

பரிமளம்

மண்கும்பான்
17-12-1989

பரிமளம்,

லொறி வரவில்லை. உன் கடிதம் வர முன்பே விளங்கிவிட்டது. கொட்டிலைப் பூட்டிவிட்டோம். ஆறு பேர் வெங்காயம் நடப் போகிறார்கள். மற்றவர்களுக்கு வேலை இல்லை. மரியநாயகி கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறாள். ஒரு கண்ணால் கத்தி பிடிக்கிறபடியால் விரல்களெல்லாம் காயம். நீ உண்மையைச் சொன்னாய். உன் மனம் இப்போது துப்புரவாக இருக்கும்.

உனக்கு எழுதாத ஒரு விஷயம் உண்டு. இராசமணியின் பிள்ளை ஓகஸ்ட் இருபதாந் திகதி செத்துப்போனது. பெண்பிள்ளை, ஐந்து மாதம். தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுத்தவள். வயிற்றோட்டம் நாலு நாள் நிற்கவில்லை. தண்ணீரால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. வயிற்றோட்டத்தால் அந்த மாதம் வேறு ஊர்களிலும் பிள்ளைகள் செத்தன. தண்ணீரால் இல்லை என்று சொல்ல எனக்கு ஏலாது.

செத்த வீட்டுக்குப் போனேன். இராசமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், நான் சுடவைச்சுத்தானே குடுத்தனான். பிறகேன்?" என்று கேட்டாள். உப்பும் காரமும் சுடவைத்தால் போகாது. அது எட்டாம் வகுப்புப் பாடம். நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

மழை பொய்த்ததால் கிணறு கெட்டது என்றுதான் ஊர் நம்புகிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சறோஜினிதேவி

கிறேபெல்ட்
11-2-1990

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். கிணற்றைப் பற்றி எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அது ஜூலை முதலாம் கிழமை கிடைத்தது. ஹெல்காவிடம் சொல்வதா விடுவதா என்று இரண்டு மாதம் யோசித்தேன். சாப்பிடாமல் யோசித்தேன். இங்கே நிலம் துடைக்கிற சனங்களை ஏமாற்றுகிறேனே என்பதுதான் என்னைத் தின்றது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்று உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. தந்தி அடித்திருக்கலாம். மேரிஜோசப்பினுக்கு எழுதியிருக்கலாம். அந்த ஏழு கிழமையும் பிள்ளை உயிரோடு இருந்தது.

ஆகவே என் மனம் துப்புரவாக இருக்குமென்று நினைக்காதீர்கள்.

இன்னும் அந்தக் கிணற்றில் அள்ளுகிறார்களா? அள்ளினால் உடனே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பங்குனி முடிய நான் மேரிஜோசப்பினுக்கு எழுதுவேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்களிடமிருந்து அவர்கள் கேட்பது வேறு, என்னுடைய காகிதத்தில் படிப்பது வேறு.

சொன்ன பிறகு அங்கே இருக்க ஏலாது என்றால் இங்கே வாருங்கள். என்னுடைய மனிசனும் அதற்குச் சம்மதம். என்ன செய்திருந்தாலும் எனக்கு நீங்கள்தான் அக்கா.

பரிமளம்

மண்கும்பான்
13-5-1990

அன்புள்ள பரிமளம்,

கோயிலடியில் கூட்டம் வைத்துச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். கூட்டத்தில் சொன்னால் ரீச்சர் படிப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் வீடு வீடாகப் போனேன். நாளுக்கு இரண்டு வீடு. அதற்கு மேல் ஏலவில்லை.

பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கதிர்காமு அண்ணை மட்டும் செம்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். சிலர் தேத்தண்ணி தந்தார்கள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த கிழமை ஆம்பிளைகள் கூடிக் கிடங்கு மணலை வெட்டி வண்டியில் ஏற்றிக் கரையில் கொட்டினார்கள். நானும் கூடைபிடித்து அள்ளினேன். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மெசினைப் பிடித்துக் கிணற்றை நாலு தடவை இறைத்தாயிற்று. இன்னும் உவர்தான். எத்தனை மாரி செல்லுமோ தெரியாது. எல்லோரும் சாட்டியில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் போய் அள்ளுகிறார்கள்.

மரியநாயகியிடமும் போனேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மன்னிக்கிறது பிறகு பாப்பம். மேரிக்கு ஏ.எல். சோதனை வருது. பின்னேரங்களில அவளுக்கு இரசாயனம் சொல்லிக்குடுங்கோ" என்றாள். கிழமையில் நாலு நாள் போகிறேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இராசமணி வீட்டைக் கடைசிக்கு விட்டிருந்தேன். வேலிப் படலையடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பரல், கிடங்கு, உப்பு, சுடவைத்தால் போகாது என்பது, எல்லாம். அவளுடைய மூத்த பிள்ளை, நாலு வயதுப் பெட்டை, சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இராசமணி அழவில்லை. வெகுநேரம் என் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், நீங்கள் போன வருஷம் தை மாசத்தில இருந்து சாட்டியிலதானே தண்ணி அள்ளினனீங்கள்" என்றாள். "தண்ணிக் கானைச் சைக்கிளில கட்டிக்கொண்டு விடியக்காலமையில போவியள். நான் கண்டனான். ரீச்சருக்கு நல்ல தண்ணிதான் பிடிக்குமாக்கும் எண்டு நினைச்சனான்."

பரிமளம், இதை நான் உனக்கு எழுதவில்லை. முழுவதையும் எழுது என்று கேட்டாய், அப்போதும் எழுதவில்லை. இருபத்தொரு வீட்டிலும் சொல்லவில்லை. அவர்கள் அந்தக் கிணற்றில் குடித்துக்கொண்டிருந்த பதினைந்து மாதமும் நான் குடிக்கவில்லை.

"ஓம்" என்றேன்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவள் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் படலையைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெல்லத்தான் சாத்தினாள்.

நீ கூப்பிட்டாய். நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இங்கிருந்து போனால், சொல்லிவிட்டுப் போய்விட்டேன் என்பதோடு எனக்கு எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் சாட்டியில் இரண்டு கான் அள்ளுகிறேன். ஒன்றை இராசமணியின் படலையடியில் வைத்துவிட்டு வருகிறேன். இன்றைக்குப் பதினெட்டு நாள். அவள் எடுக்கவில்லை. தானே நடந்துபோய் இடுப்பில் குடத்தோடு வருகிறாள், அந்தப் பெட்டையும் ஒரு சின்னச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறது. பின்னேரம் போய் வெயிலில் சுட்டுக் கிடக்கிற கானைத் தூக்கி அவளுடைய வேலிப் பூவரசுகளுக்கு ஊற்றிவிட்டு வருகிறேன். நாளைக்கும் கொண்டுபோவேன்.

அக்கா